சாயக்காலோடு தாண்டியவள்

சாயப்பட்டறையில் அவளைப் போட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டியாக ஒரு பதில் வைத்திருப்பாள் என்பதால் வந்த பெயர். இளம் வயதில் வெறும் போட்டி. வயது ஏறியதும் மரியாதைக்கு ஓர் அக்கா ஒட்டிக்கொண்டு போட்டியக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடைசியாக யாரோ உரக்கப் படித்தது ஆஸ்பத்திரியில்தான். அப்போது அவளுக்கு நினைவில்லை, அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவள் வாயடைத்துக் கிடந்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான் என்று சொல்லலாம். இன்னொரு தடவையும் உண்டு, அது பிறகு வரும்.

பட்டறையின் முன்பக்கம் வெள்ளைச் சிமெண்ட் போட்ட முற்றம். அங்கே முதலாளியின் கார் நிற்கும், துணி வாங்க வருகிறவர்கள் நின்று கைகுலுக்குவார்கள். முற்றத்துக்குப் பின்னால் கொட்டகை. உள்ளே கொதிக்கும் தொட்டிகள், நீராவி, உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கும் பெண்கள். தொட்டியில் அன்று என்ன நிறமோ அதுதான் தரைக்கும், அவர்கள் கால்களுக்கும். அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது: சாயக்காலோடு முற்றத்தில் அடி வைக்கக் கூடாது. கொட்டகை வாசலில் ஒரு குழாய், கீழே ஒரு கல்தொட்டி. காலைக் கழுவிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். வெள்ளையில் ஒரு விரல் தடம் விழுந்தாலும் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். போட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவரிடம் கேட்டாள்: "துணியில ஒட்டினா அழகு, எங்க கால்ல ஒட்டினா அழுக்கா சார்?" அவர் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கொட்டகைக்கு மேல் மாடியில் பெண்கள் தங்கும் ஹால். இரண்டடுக்குக் கட்டில்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்; கையை நீட்டினால் பக்கத்துக் கட்டில்காரியின் மூக்கைப் பிடித்துத் திருகலாம். ஒவ்வொரு படுக்கைக்கும் இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரி எழுந்து போன சூட்டிலேயே இரவு ஷிப்டுக்காரி வந்து படுப்பாள். போட்டியோடு படுக்கையைப் பங்கு போட்டுக்கொண்டவளுக்குப் பாதி என்று பெயர் வைத்ததும் போட்டிதான். ஒரே தலையணையில் ஆண்டுக்கணக்கில் தூங்கியும் இருவரும் ஒருநாளும் சேர்ந்து தூங்கியதில்லை. வாசலில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொள்வதோடு சரி. ஆனாலும் போட்டி தலையணைக்கு அடியில் பாதிக்காக மிட்டாய் வைத்துவிட்டுப் போவாள்; பாதியோ போட்டியின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்து வைத்திருப்பாள்.

டீ குடிப்பதிலும் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லார் கையிலும் சாயம். டம்ளரைத் தொட்டால் டம்ளரும் போச்சு, டீயும் போச்சு. அதனால் அன்று கை சுத்தமாக இருப்பவள் ஒருத்தி, ஒரே டம்ளரில் ஊற்றி ஊற்றி, வரிசையாக ஒவ்வொருத்தி வாயிலும் வைத்துப் புகட்டுவாள். இடையில் கழுவ நேரமும் கிடையாது, கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் கிடையாது. கூடவே நிற்பவள் வாய் வைத்த டம்ளரை அருவருப்பதா என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் நான் குற்றம் காண மாட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு வாரம் தொட்டியில் கத்தரிப்பூ நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பகல் ஷிப்ட் முடியும்போதே போட்டிக்குத் தலை பிளந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, கையும் காலும் மட்டும் ஐஸாகக் குளிர்ந்தன. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது, கழுத்தைக் குனிய முடியவில்லை. பக்கத்துக் கட்டிலின் மேல்தட்டில் ஒரு புதுப்பெண் இருந்தாள். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடுவதால் அவள் பெயர் பாட்டுப்பெட்டி. அவளும் அன்று வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். குளிர்க்காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது என்று ஹாலில் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு மாத்திரை கொடுத்துப் போர்த்திவிட்டார்கள்.

விடிந்து, இரவு ஷிப்ட் முடித்துப் பாதி வந்தபோது படுக்கை காலியாகவில்லை. "எந்திரி, உன் நேரம் முடிஞ்சுபோச்சு" என்று போர்வையை இழுத்தாள். போட்டியின் கால் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகளும் திட்டுகளுமாக இருந்தன. விரல்கள் கறுத்திருந்தன. சாயம் என்றுதான் பாதி நினைத்தாள். அந்தப் பட்டறையில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "காலைக்கூடக் கழுவாம படுத்திருக்கா பாரு" என்று திட்டிக்கொண்டே, சாயம் நீக்குகிற ப்ளீச்சிங் தண்ணீரைக் கொண்டுவந்து துணியால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சாயம் தெறிக்க வழியில்லாத வயிற்றிலும் அதே புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் அவள் கை நின்றது. அப்புறம் அவள் போட்ட கூச்சலில் ஹாலே எழுந்துவிட்டது.

பாட்டுப்பெட்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே போய்விட்டாள். முந்தின நாள் காலையில் கொடியில் துணி போட்டுக்கொண்டே பாடியவள். போட்டி பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, இடது கையில் சில விரல்களின் நுனிகள் போயின.

கண் விழித்து, நாக்கு புரண்டு, பழையபடி ஏன் எதற்கு என்று கேட்கத் தொடங்கியபோது, சுகாதார அலுவலகத்து நர்ஸ் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சைச் சுற்றி வளைக்காத பெண்மணி.

"மெனிங்கோகாக்கல் நோய்னு பேரு."

"என்னைப் படுக்கவெச்சது எதுன்னு பார்த்தா, பேரே வாயில நுழையலியே. எப்படிம்மா வந்துச்சு? தண்ணியிலயா, கொசுவுலயா?"

"ரெண்டும் இல்ல. மனுஷங்க மூக்குலயும் தொண்டையிலயும் தங்கியிருக்கிற கிருமி. நிறைய பேருக்கு அது இருக்கும், ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கே தெரியாது. இருமல், எச்சில், பக்கத்துப் பக்கத்துல படுத்து ஒரே மூச்சை விட்டு வாங்குறது, இப்படித்தான் ஆள் மாத்தி ஆள் போகும். எங்கயோ ஒருத்தருக்கு மட்டும் ரத்தத்துல இறங்கிடும். இறங்கிட்டா நாள் கணக்குக் கிடையாது, மணிக்கணக்குதான்."

"எனக்கு யார் குடுத்தது?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. நீங்களும் தேடாதீங்க. யார் மேலயும் தப்பு இல்ல."

"தடுக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

"தடுப்பூசி இருக்கு."

"இப்ப வந்திருக்கா? இல்ல, எனக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

நர்ஸ் பொய் சொல்லவில்லை. "இருந்துச்சு" என்றார்.

போட்டிக்குக் கால் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்தபோது உள்ளே கோபம் மட்டும் பாக்கியிருந்தது. அந்தக் கோபம்தான் அவளை எழுப்பி உட்காரவைத்தது என்று நான் நினைக்கிறேன். டாக்டர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

பட்டறையில் அதற்குள் வேறு கூத்து நடந்திருந்தது. ஹாலில் கூடத் தங்கியவர்களுக்கு உடனே மருந்து மாத்திரை கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் தடுப்பூசி போட ஒரு நாளைக் குறித்துவிட்டுப் போனார்கள் சுகாதார அலுவலகத்தார். நோய் வந்த பட்டறை என்று பெயர் கெட்டால் துணி வாங்க எவன் வருவான் என்று முதலாளிக்குக் கவலை. ஊசி நாளுக்கு முந்தின நாளே அத்தனை பெண்களுக்கும் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐஸ் பெட்டியோடு வந்தவர்கள் காலிக் கட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தபோது ஊசிப் பேச்சை எடுக்க ஆளில்லை.

போட்டி செயற்கைக் காலோடு வந்து சூப்பர்வைசர் முன்னால் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நின்னு வேலை செய்ய முடியுமா உன்னால?"

"நான் எதுக்கெடுத்தாலும் ஒத்தக்கால்ல நிக்கிறவள்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

முற்றத்தை ஒட்டிய கட்டுப்போடும் அறையில் அவளுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து துணியை மடித்துக் கட்டும் வேலை. வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அந்த ஒற்றை டம்ளருக்கு முடிவு கட்டியது. ஆளுக்கொரு டம்ளர், அதை மாட்ட ஆளுக்கொரு ஆணி. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் சுளித்தால் போட்டி பேசுவாள். ஆனால் டம்ளரை மாற்றலாம், ஹாலின் மூச்சை மாற்ற முடியுமா? கட்டில்கள் அதே நெருக்கத்தில்தான் இருந்தன. போதாக்குறைக்கு, அவளுடைய பழைய படுக்கையில் இப்போது அவள் மகள் படுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் வேலை பறிபோய்விடக் கூடாது என்று அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மகள் ஊரிலிருந்து வந்து தொட்டியருகே நின்றுவிட்டாள். அதே தொட்டி, அதே கட்டில், பங்குக்கு அதே பாதி. வெளியே வா என்றாள் போட்டி. மகள் மறுத்தாள். சரி, ஊசியாவது போட்டுக்கொள் என்று தினம் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தாள். அதற்கும் மகள் மசியவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மகள் அம்மாவின் முகத்தையே பார்ப்பாள்.

விஷயம் என்னவென்றால், ஊசி போட்டதால்தான் போட்டியக்காவின் கால் போனது என்று ஹாலில் ஒரு பேச்சு வேர் பிடித்திருந்தது. அதை விதைத்தவர் சூப்பர்வைசர். கேட்டால் சத்தியம் செய்வார். "நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரெண்டு கால் இருந்துச்சு, ஊசி மருந்தெல்லாம் ஏத்தி அனுப்புறப்ப ஒண்ணுதான் இருந்துச்சுன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?" போட்டி பட்டறைக்குள் நடந்து போகும்போதெல்லாம் பெண்கள் அவள் காலைப் பார்ப்பார்கள். அவளுடைய கால் அவளுக்கே விரோதமாகச் சாட்சி சொல்லிக்கொண்டு கூட வந்தது. அவளுக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அடுத்த குளிர் தொடங்கும் முன்பே, பக்கத்துத் தெருவில் பை தைக்கும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒருத்தி அதே காய்ச்சலில் விழுந்தாள். பழைய நர்ஸ் கட்டுப்போடும் அறைக்கே தேடி வந்தார்.

"இந்தத் தடவை லீவு விட்டுத் தப்பிக்க முடியாது. உத்தரவோட வர்றேன். முற்றத்துலயே மேஜை போடுறேன். ஆனா ஆளுங்க வரணும். ஊசி போட்ட உடனே வேலை செய்யாது, உடம்பு தயாராக ரெண்டு வாரம் வேணும். குளிர் இறுகினப்புறம் போட்டு என்ன பண்றது?"

"எனக்கும் போடுவீங்களா? நான்தான் முழுசா வாங்கிட்டேனே."

"உங்களுக்கும் போடணும். இதுல பல ரகம் இருக்கு. ஒரு தடவை வந்துட்டா மறுபடி வராதுன்னு உத்தரவாதம் கிடையாது."

அன்று மாலை மகளோடு பெரிய சண்டை.

"நான் கண்ணால பார்த்தேன்மா. உன் கையில ஊசி ஏறிக்கிட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் கால் கறுத்துக்கிட்டே வந்துச்சு."

"ஊசிக்கு முன்னாடியே அது கறுத்திருந்துச்சுடி."

"நீதான் நினைவில்லாம கிடந்தியே. உனக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் நான் சொன்ன அந்த இன்னொரு தடவை. போட்டி வாயடைத்து நின்றாள். பதில் இல்லாமல் இல்லை, பதில் பாதியுடையது. ஆஸ்பத்திரிக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கறுத்த காலைச் சாயம் என்று தேய்த்த கதையை அழுதுகொண்டே சொன்னவள் பாதி. "என்னை வெளுக்கப் பார்த்தியா?" என்று போட்டி சிரித்துக்கூட விட்டாள். ஆனால் இதை யாரிடமும் சொல்லாதே, என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று பாதி கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தாள். ஒரு பக்கம் மகளின் உயிர், மறுபக்கம் கொடுத்த வாக்கு. மகள் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஊசி நாள். ஷிப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிப்ட் பெண்களும் கொட்டகையில்தான் இருந்தார்கள். முற்றத்தில் மேஜை, நாற்காலி, ஐஸ் பெட்டி, பின்னால் நர்ஸ். கொட்டகை வாசலில் சூப்பர்வைசர். அவர் யாரையும் தடுக்கவில்லை. குழாயின் திருகை மட்டும் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குழாய் ரிப்பேர். சாயக்காலோட முற்றத்துல யாரும் அடி வைக்கக் கூடாது, அது எப்பவும் உள்ள சட்டம். மத்தபடி ஊசி போட்டுக்கிறது அவங்கவங்க விருப்பம்."

ஆளைக் கொல்லும் யோசனை அது. தாண்டினால் தடம் விழும். தாண்டியவள் சட்டத்தை மீறினாள் என்று தரையே காட்டிக்கொடுத்துவிடும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டுப்போடும் அறையில் இருந்து போட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கால் சுத்தமானது. நேராக மேஜைக்குப் போயிருந்தால் கேட்க ஆளில்லை. அவள் அப்படிப் போகவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்தை ஓரமாகச் சுற்றி, கொட்டகை வாசலுக்கு வந்தாள். கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வாரை அவிழ்த்து, செயற்கைக் காலைக் கழற்றிச் சூப்பர்வைசரின் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க சார். சாயம் பட்டா போகாது."

நீட்டியதை வாங்கும் பழக்கம் மனிதனுக்கு உண்டு. அவர் வாங்கிவிட்டார். வாங்கியபின் கீழே போடவும் முடியவில்லை, திருப்பித் தரவும் வழியில்லை. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டி ஊன்றுகோலோடு கொட்டகைக்குள் நுழைந்து தொட்டியருகே தேங்கிய ஈரத்தில் இடது காலை நன்றாக அழுத்தி வைத்தாள். அன்றும் கத்தரிப்பூ நிறம்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஊசியாலதான் என் கால் போச்சுன்னு பேசிக்கிறீங்க. சரி, நான் இப்ப போய் ஊசி போட்டுக்கப் போறேன். எனக்கு மிச்சம் இந்த ஒரு கால்தான். ஊசி காலை எடுக்கும்னு எனக்குத் துளி சந்தேகம் இருந்தா, இதைக் கொண்டுபோய் அங்க வைப்பேனா? பாட்டுப்பெட்டிக்கு ஊசியே போடல. அவ எங்க? யாராவது சொல்லுங்க."

மகள் தொட்டிக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். போட்டி திரும்பினாள். வெள்ளைச் சிமெண்டில் ஒரு கால் தடம், பக்கத்தில் ஊன்றுகோலின் வட்டம். மறுபடி ஒரு தடம், ஒரு வட்டம். "ஏய், ஏய்" என்றார் சூப்பர்வைசர். காலை வைத்துக்கொண்டு அவரால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை.

அவள் மேஜையை எட்டிச் சட்டைக் கையைச் சுருட்டும்போது, கொட்டகைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. பாதியின் குரல். இரவு முழுக்க நின்ற களைப்பில் அது கரகரத்தது.

"ஊசிக்கு முன்னாடியே கறுத்துத்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன். சாயம்னு நினைச்சு ப்ளீச்சிங் போட்டுத் தேச்சேன். நான்தான் தேச்சேன். போகல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பவே அந்தக் கால் கறுப்பு."

சொல்லிவிட்டு, திட்டு விழுமோ என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. ஒருவரும் திட்டவில்லை. அவளாகவே நடந்து வாசலைத் தாண்டினாள். இரண்டு கால் தடம் வெள்ளையில் விழுந்தது. பயந்துகொண்டேதான் போனாள், ஆனால் போனாள். மேஜை அருகே போட்டி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"இந்தப் பட்டறையில இன்னிக்குத்தான் நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கோம்" என்றாள்.

அப்புறம் ஒருத்தி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பிறகு தடங்களை எண்ணிப் பார்க்க முடியாதபடி கூட்டமாக வந்தார்கள். எல்லாருமா வந்தார்கள் என்றால் இல்லை. சிலர் கடைசிவரை தொட்டியை விட்டு நகரவில்லை, அவர்களுக்காக நர்ஸ் இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார். கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலடிக்கும், பயப்பட வேண்டாம் என்று ஒவ்வொருத்தியிடமும் சலிக்காமல் சொன்னார்.

போட்டி வருகிறவர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது. கூட்டம் குறைந்து, முற்றம் கத்தரிப்பூ வயல்போல ஆன பிறகு, மகள் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்க்காமல், பாதியைப் பார்த்தபடி நடந்து வந்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்று மட்டும் அவளிடம் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது போட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்குப் போட்டபோது அவள் கண் இமைக்கவில்லை. இதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அதற்குள் சூப்பர்வைசருக்குக் குரல் திரும்பியிருந்தது. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க இது? மத்தியானம் வாங்குறவங்க வர்றாங்க. இதை யார் கழுவுறது? யாருன்னு கேக்கிறேன்ல?"

மகள் பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்த பழைய பெண்கள் சிலர் போட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாங்களே கழுவுறோம் சார்" என்றாள் மகள். "குழாயைத் திறங்க."

சாவி அவர் பையில் இருந்தது. இரண்டு கையிலும் அவள் அம்மாவின் கால் இருந்தது.